கண்ணுக்குத் தெரியாத கவசம்

(பழைய மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன மாதம் போன் பண்ணினார். "நீ ஃபேக்டரியில என்ன செய்யறியோ அதைப் பத்தி இருபது நிமிஷம் பேசுப்பா. பசங்களுக்கு உபயோகமா இருக்கணும். சுயபுராணம் வேண்டாம்" என்றார். முதல் இரண்டையும் செய்துவிடுவேன். மூன்றாவதை மட்டும் கொஞ்சம் மீற வேண்டியிருக்கிறது. நான் செய்த ஒரு தவறைச் சொல்லாமல் இந்த விஷயத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

2009-ல் மெக்கானிக்கல் முடித்து இந்த வாசலைத் தாண்டினேன். அன்று முதல் கியர் தயாரிப்பில்தான் இருக்கிறேன். இதோ என் கையில் இருப்பது ஒரு லாரி கியரின் உடைந்த பல். முன்வரிசையிலிருந்து அனுப்புகிறேன். பார்த்துவிட்டுப் பின்னால் கொடுங்கள். கடைசியில் எனக்குத் திரும்பி வர வேண்டும், அதற்கு ஒரு வேலை இருக்கிறது. உடைந்த முகத்தைக் கவனித்துப் பாருங்கள். அடியோரத்தில் நகக்கண் அளவுக்கு ஓர் இடம் மழமழவென்று இருக்கும். மீதி முழுக்கக் கரடுமுரடாக இருக்கும். அந்த நகக்கண் அளவு இடத்தைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

பல் ஏன் உடைகிறது?

ஒரு கியர் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு பல்லும் ஒருமுறை வளைந்து நிமிர்கிறது. ஒரு மணி நேரத்தில் 60,000 முறை. ஒருமுறை வளைத்தால் அந்தப் பல்லுக்கு ஒன்றும் ஆகாது. லட்சக்கணக்கில் வளைத்தால் ஆகும். இதைத்தான் ஃபெட்டீக், உலோகக் களைப்பு என்கிறோம். 19-ம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியின் ரயில்வே பொறியாளர் அகஸ்ட் வோலர், ரயில் அச்சுகள் ஏன் திடீர் திடீரென்று முறிகின்றன என்று வருஷக்கணக்கில் சோதனை செய்து பார்த்தார். நம்முடைய ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேபில் துண்டைச் சுழற்றிச் சுழற்றி வளைக்கும் மெஷின் ஒன்று இருக்கிறதே, அது அவர் வழியில் வந்ததுதான்.

களைப்பால் வரும் விரிசல் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் பிறக்கிறது. வளையும்போது அதிகமான இழுப்பு அங்கேதான் விழும். கட்டரின் கோடு, கிரைண்டிங்கில் பட்ட சூடு, ஹீட் டிரீட்மென்ட்டில் ஆக்ஸிஜன் அரித்த நுண்ணிய இடம் என்று எல்லாக் குறைகளும் அங்கேதான் இருக்கும். பல்லின் அடிவளைவில் இழுப்பும் குறையும் ஒன்றாகச் சேர்கின்றன. அங்கே ஒரு மயிரிழை திறந்தால் போதும், ஒவ்வொரு சுற்றிலும் அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகரும். நீங்கள் பார்த்த மழமழப்பான இடம் அப்படி மெதுவாக நகர்ந்த இடம். கரடுமுரடான மீதி ஒரே அடியில் முறிந்தது.

லாரி கியர்களைக் கார்புரைசிங் செய்கிறோம். சுமார் 900 டிகிரி செல்சியசுக்கு மேல் கார்பனை ஊட்டிப் பிறகு எண்ணெயில் குளிர்விப்போம். மேல்தோல் ராக்வெல் சி அளவில் 58 முதல் 62 வரை கடினமாகும். உள்ளே கெட்டித்தன்மை கொஞ்சம் குறைந்து, அடி தாங்கும் பதத்தில் இருக்கும். தேய்மானத்துக்கு இது அருமையான ஏற்பாடு. ஆனால் அவ்வளவு கடினமான தோலில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் அது பெரிய பகை. அந்தத் தோலுக்கு ஒரு காவல் வேண்டும். அந்தக் காவல்தான் ஷாட் பீனிங்.

மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள்

ஷாட் என்பது சின்னச் சின்ன எஃகு உருண்டை. நாங்கள் பயன்படுத்துவது 230 நம்பர், ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர். கடுகைவிடச் சின்னது. இதைச் சுழலும் சக்கரத்தாலோ அழுத்தக் காற்றாலோ அள்ளி வீசி, கியரின் மேல் மழை மாதிரி பெய்ய விடுகிறோம். ஒவ்வோர் உருண்டையும் விழுந்த இடத்தில் ஒரு சின்னக் குழி. குழி விழும்போது மேல்தோல் பக்கவாட்டில் பரவப் பார்க்கிறது. அடியிலிருக்கும் எஃகு நகரவில்லை, தோலைப் பரவ விடாமல் பிடித்துக்கொள்கிறது.

இந்த ஊர் டவுன் பஸ்சில் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மூன்று பேர் உட்காரும் சீட்டில் நாலாவது ஆள் "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று உட்காருவார். சீட் நீளவில்லை, ஆள் மட்டும் கூடிவிட்டது. நாலு பேரும் ஒருவரை ஒருவர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பஸ் திருப்பத்தில் சாய்ந்தாலும் நடுவில் இடைவெளி விழாது. பீனிங் முடிந்த எஃகுத் தோல் அந்த நிலையில்தான் இருக்கிறது. எந்நேரமும் அமுக்கத்தில் இருக்கிறது. விரிசல் திறக்க இழுப்பு வேண்டும். வெளியிலிருந்து இழுப்பு வந்தால், முதலில் இந்த அமுக்கத்தைக் கழித்துவிட்டுத்தான் மிச்சம் வேலை செய்யும். கணக்குக்காகச் சொல்கிறேன். சுமை 700 மெகாபாஸ்கல் இழுப்பு தருகிறது, தோலில் முன்பே 500 அமுக்கம் இருக்கிறது என்றால், விரிசலுக்குக் கிடைப்பது 200-தான்.

இந்தக் காவலின் ஆழம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு, அதிகம் போனால் இன்னும் சில பங்கு. அவ்வளவுதான். ஆகவே பீனிங் ஆன பிறகு அந்த இடத்தை கிரைண்டிங் செய்தால் கவசம் உரிந்துபோகும். அதிகச் சூடு காட்டினாலும் அமுக்கம் தளர்ந்துபோகும். ஹீட் டிரீட்மென்ட் முதலில், கிரைண்டிங் அடுத்து, பீனிங் அதற்குப் பிறகு. இந்த வரிசையை மாற்றக் கூடாது.

பார்வைக்கு இது துரு எடுக்கும் ஷாட் பிளாஸ்டிங் மாதிரியே இருக்கும். எங்கள் ஃபேக்டரிக்கு வருகிறவர்களும் "ஓ, கிளீனிங்கா?" என்றுதான் கேட்பார்கள். பிளாஸ்டிங் சரியாக நடந்ததா என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். பீனிங்கில் முக்கியமான பலன் கண்ணுக்குத் தெரியாது. அமுக்கம் 500 இருந்தாலும் 1,000 இருந்தாலும் கியர் ஒரே மாதிரிதான் சாம்பல் நிறத்தில் இருக்கும்.

ஆல்மென் பட்டை

இதற்கு வழி கண்டவர் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த ஜான் ஆல்மென். 1940-களில் அவர் கொண்டுவந்த சோதனையைத்தான் உலகம் முழுக்க இன்றும் செய்கிறோம். ஸ்பிரிங் எஃகில் ஒரு பட்டை. நீளம் 76 மில்லிமீட்டர், அகலம் 19. கியர் வேலைக்குப் பெரும்பாலும் 'ஏ' வகைப் பட்டை, கனம் சுமார் 1.3 மில்லிமீட்டர். இதை நாலு திருகால் ஒரு கட்டையில் இறுக்கி, கியர் நிற்கும் இடத்தில் நிற்கவைத்து ஷாட் அடிக்கிறோம். திருகைக் கழற்றியதும் பட்டை, அடிபட்ட பக்கம் குவிந்து, வில் மாதிரி வளைந்து நிற்கும். எவ்வளவு வளைந்தது என்று கேஜில் அளக்கிறோம்.

ஒரே பட்டையோடு விடுவதில்லை. வெவ்வேறு நேரம் அடித்த பல பட்டைகளை அளந்து கிராப் போடுவோம். நேரத்தை இரண்டு மடங்காக்கினாலும் வளைவு 10 சதவீதத்துக்கு மேல் கூடாத முதல் இடம் எதுவோ அதுதான் செறிவுப் புள்ளி. அந்த இடத்து வளைவைத்தான் இன்டென்சிடி என்று எழுதுகிறோம். இதோ இரண்டு பட்டை கொண்டுவந்திருக்கிறேன், ஒன்று அடி படாதது, இன்னொன்று அடிபட்டது. இதையும் கைமாற்றிப் பாருங்கள்.

மிக எளிமையான, மிக நல்ல சோதனை. அதன் மேல் எனக்கு அளவு கடந்த நம்பிக்கை இருந்தது. அங்கேதான் வழுக்கினேன்.

2011 மார்ச் 31

அப்போது எனக்கு இரண்டு வருஷ அனுபவம். பீனிங் பகுதிக்கு நான்தான் பொறுப்பு. வருஷக் கடைசி நாள். சாயங்காலத்துக்குள் ஒரு லாட் கியர் வெளியே போயாக வேண்டும். ஹார்டு ஷாட் தீர்ந்துவிட்டது, புது லோடு வரவில்லை. ஸ்டோரில் வேறு பாகங்களுக்கு வைத்திருந்த சாதாரண ஷாட் பைகள் இருந்தன. பையைப் பார்த்தேன். 230 என்று போட்டிருந்தது. அளவு சரி. "போடுங்க" என்றேன். அதே பையில் கடினமும் எழுதியிருந்தது. எங்கள் கியருக்கு வேண்டியது 55-க்கு மேல், கியரின் கடினத்தை ஒட்டி. அந்தப் பையில் இருந்தது 45-லிருந்து 52. அதைப் பார்த்தேன், ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு நிமிஷம் நின்று யோசிக்கவில்லை.

மெஷினில் இருந்தவர் இருபது வருஷ அனுபவம் உள்ள ஆபரேட்டர். முதல் கியரை எடுத்துத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சார், இன்னிக்குப் பல்லுல புள்ளி சரியா விழல. மேலாப்புல தடவினாப்ல இருக்கு. நேரத்தைக் கூட்டலாமா, இல்ல ஷாட்டு வர்ற வரைக்கும் நிறுத்தலாமா?"

நான் பட்டையை அளந்தேன். வளைவு வரம்புக்குள் இருந்தது. "ஸ்டிரிப் ஓகே அண்ணே. ஓட்டுங்க" என்றேன். அவர் ஒரு நிமிஷம் நின்றார். அப்புறம் ஓட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

என்ன நடந்தது என்று தம்பி தங்கைகளில் சிலருக்கு இப்போதே புரிந்திருக்கும். ஆல்மென் பட்டையின் கடினம் 44-லிருந்து 50. கியரின் தோல் 60. சாதாரண ஷாட்டும் பட்டையில் நன்றாகவே குழி போடும். இரண்டுக்கும் கடினம் ஏறக்குறைய ஒன்றுதான். ஹார்டு ஷாட் அடித்தாலும் சாதாரண ஷாட் அடித்தாலும் பட்டையின் வளைவில் பெரிய வித்தியாசம் தெரியாது. அதே சாதாரண ஷாட் 60 கடினமுள்ள பல்லில் மோதினால், பல் நசுங்குவதற்குப் பதில் ஷாட் நசுங்கும். குழி சின்னதாகும், அமுக்கம் வெகுவாகக் குறையும். குழி சின்னதானால், அதே நேரத்தில் பரப்பு முழுக்க மூடவும் மூடாது.

பட்டை பொய் சொல்லவில்லை. ஷாட் மழை எனக்கு என்ன செய்தது என்று மட்டும் அது சொன்னது. கியருக்கு என்ன செய்தது என்று அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளக் கியரைத்தான் பார்க்க வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று என் மேஜை டிராயரில் இருந்தது. பல்லின் அடிவளைவில் குழிகள் பரப்பை முழுக்க மூடியிருக்கின்றனவா என்று பார்க்க இரண்டு நிமிஷம் போதும். 98 சதவீதம் மூடியிருந்தால்தான் முழுமை என்று கணக்கு. லென்ஸ் இல்லாமலே ஒருவர் பார்த்துவிட்டு வந்து சொன்னார். நான் கேட்கவில்லை.

தொப்பூர் கணவாய்

2012 மே மாதம். சேலத்திலிருந்து பெங்களூருக்கு மாம்பழம் ஏற்றிக்கொண்டு போன லாரி ஒன்று, தொப்பூர் மேட்டில் ஏறும்போது கியர் பல் முறிந்து நின்றுவிட்டது. கடவுள் புண்ணியத்தில் யாருக்கும் அடியில்லை. இறக்கத்தில் முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல ராத்திரி நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்தப் பாதையில் லாரி ஓட்டியவர்களுக்கு அது தெரியும்.

விசாரிக்க என்னையும் அனுப்பினார்கள். வண்டிக்குச் சொந்தக்காரரே டிரைவர். கடன் வாங்கி எடுத்த முதல் வண்டி. ரோட்டோரம் இரண்டு ராத்திரி வண்டிக்குக் காவல் இருந்திருக்கிறார். மே மாத வெயிலில் தார்ப்பாய்க்குக் கீழே பழம் என்ன ஆகும்? நாங்கள் போனபோதே வாசனை மாறிவிட்டிருந்தது. எங்கள் ஆட்கள் வாரண்டி விவரம் எல்லாம் சொன்னார்கள். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "கியர்பாக்ஸ நீங்க மாத்திக் குடுத்துருவீங்க சார். பழத்த யாரு மாத்திக் குடுப்பா?"

எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை.

ஒவ்வொரு கியரிலும் லாட் நம்பர் பொறித்திருக்கும். ஃபேக்டரிக்கு வந்து ரிஜிஸ்டரைப் புரட்டினேன். 31.3.2011. கீழே என் கையெழுத்து. அதே லாட்டில் மாதிரிக்காக எடுத்து வைத்திருந்த கியரை எக்ஸ்-ரே சோதனைக்கு அனுப்பினோம். படிக அடுக்குகளின் இடைவெளி எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை வைத்து அமுக்கத்தைக் கணக்கிடும் முறை அது. வழக்கமாக எங்கள் பல்லில் இருக்கும் அமுக்கத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் இருந்தது.

ரிப்போர்ட்டை நானே எழுதினேன். "ஷாட் தட்டுப்பாடு" என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. ஆபரேட்டர் எச்சரித்தார், நான் ஏற்கவில்லை என்பதையும் எழுதினேன். அந்த லாட்டில் வெளியே போன கியர்பாக்ஸ்களைத் தேடிப் பிடித்து மாற்றினார்கள். அந்த வருஷம் எனக்கு இன்கிரிமென்ட் இல்லை. அது நியாயம்தான்.

அந்த ஆபரேட்டர் அண்ணனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர், "விடுங்க சார், நான்தான் இன்னொரு தடவ அழுத்திச் சொல்லியிருக்கணும்" என்றார். திட்டியிருந்தால் மனசு இவ்வளவு கனத்திருக்காது.

உடைஞ்ச துண்டு எங்கே?

அதன் பிறகு எங்கள் பகுதியில் சில வழக்கங்கள் வந்தன. ஷாட் பையைப் பிரிக்கும்போது அளவோடு கடினத்தையும் பார்த்து எழுதுகிறோம். உருண்டை உடைந்து முனை கூரானால் அது குழி போடாது, கீறும். ஆகவே உடைந்ததைப் பிரித்து நீக்குகிறோம். பட்டை ஓகே ஆனாலும் ஒவ்வொரு லாட்டிலும் முதல் கியரின் அடிவளைவை லென்ஸில் பார்க்காமல் ஓட்டுவதில்லை. குறிப்பிட்ட இடைவெளியில் கியரையே எக்ஸ்-ரே சோதனைக்கு அனுப்புகிறோம். மெஷினில் நிற்பவர் "நிறுத்தலாமா" என்று கேட்டால், முதலில் நிறுத்துவோம். அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பீனிங் சர்வரோக நிவாரணி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோலில் அமுக்கம் வைத்தால் ஈடாக உள்ளே கொஞ்சம் இழுப்பு இருந்தே தீரும். எஃகுக்குள் அழுக்குத் துணுக்கு இருந்து விரிசல் உள்ளேயே பிறந்தால் இந்தக் கவசம் காப்பாற்றாது. அளவுக்கு மீறி அடித்தால் தோலே வெடிக்கும். இருந்தாலும், முறையாகச் செய்தால் இவ்வளவு சின்ன உருண்டை இவ்வளவு பெரிய காரியம் செய்கிறதே என்று எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

கடைசியாக ஒரு பழைய கதை. மூன்றாம் வருஷம் ஃபெட்டீக் சோதனை. துண்டு உடைய நேரமாகும், எங்களுக்கோ கேன்டீன் நேரம். சீனியர் ரெக்கார்டைப் பார்த்து, எத்தனை சுற்றில் உடைந்தது என்று எழுதிக்கொண்டு போய் நீட்டினோம். எங்கள் லேப் ஆசிரியர் நோட்டைப் பார்க்கவே இல்லை. "உடைஞ்ச துண்டு எங்கேப்பா?" என்று மட்டும் கேட்டார். முழித்தோம். திருப்பி அனுப்பினார். அன்று அவரைத் திட்டிக்கொண்டே போனோம். அவர் கேட்ட கேள்வி எனக்குப் புரிய ஒரு லாரி தொப்பூரில் நிற்க வேண்டியிருந்தது. எழுதியிருக்கும் நம்பரைப் பார்க்காதே, பொருளைக் காட்டு என்பதுதான் அது. சார் முன்வரிசையில்தான் இருக்கிறார். சார், அன்னிக்குத் திட்டினதுக்கு மன்னிச்சிடுங்க.

நேற்று அந்த லேபுக்குப் போய்ப் பார்த்தேன். ஃபெட்டீக் மெஷின் துணி போர்த்தி ஓரத்தில் நிற்கிறது. மோட்டார் போய்விட்டது, பேரிங்கும் மாற்ற வேண்டும். பெரிய செலவு ஒன்றும் இல்லை. என் வகுப்புத் தோழர்கள் மூன்று பேர் சேர்ந்து மோட்டாரைப் பார்த்துக்கொள்கிறோம் என்று முதல்வர் அய்யாவிடம் சொல்லியிருக்கிறோம். சோதனைத் துண்டு கடைந்து கொடுக்க லேத் வைத்திருக்கும் அண்ணன்மார் யாராவது முன்வந்தால் நன்றாக இருக்கும். வருஷத்துக்குப் பாதித் துண்டுகளை நான் பீனிங் செய்து தருகிறேன். அடித்தது எத்தனை சுற்று தாங்குகிறது, அடிக்காதது எத்தனை சுற்று தாங்குகிறது என்று தம்பி தங்கைகள் தாங்களே ஓட்டிப் பார்த்து எழுதட்டும். சீனியர் ரெக்கார்டு வேண்டாம்.

அந்தப் பல் பின்வரிசை வரைக்கும் போய்த் திரும்பிவிட்டதா? நன்றி. இதை இத்தனை வருஷம் என் மேஜையில் வைத்திருந்தேன். இன்றைக்கு லேபுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறேன். அந்த மெஷின் பக்கத்தில் இருக்கட்டும்.